சிப்பியை எண்ணுவது எப்படி? – முத்துக்குளிப்பும் டபிள்யூசி மைனஸ் எல்லும்

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் கணினி, மீதி கடல். கணினின்னாலே கொட்டாவி வர்றவங்க அடுத்த பத்தியைத் தாண்டிக் குதிச்சிடலாம், கோச்சுக்க மாட்டேன்.

லினக்ஸ்ல ஒரு ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர், அதுக்குள்ள இன்னொரு ஃபோல்டர்னு வெங்காயம் மாதிரி அடுக்கி வச்சிருந்தா, மொத்தம் எத்தனை ஃபைல் இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரே வரி போதும். ‘ஃபைண்ட் . -டைப் எஃப் | டபிள்யூசி -எல்’. முதல் பாதி எல்லா ஃபோல்டருக்குள்ளயும் நுழைஞ்சு, கண்ணுல படுற ஃபைல் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதும். ரெண்டாவது பாதி அந்த வரிகளை எண்ணும். எஃப்புக்குப் பதிலா டி போட்டா ஃபைலை விட்டுட்டு ஃபோல்டரை மட்டும் எண்ணும். ஆபீஸ்ல நான் பிடுங்குற ஆணியில பாதி இந்த ரகம்தான். "மொத்தம் எத்தனை இருக்கு?"ன்னு மேலிடம் கேட்கும். "எதை எண்ணணும் சார்?"னு நான் திருப்பிக் கேட்பேன். வெட்டிக் கேள்வி மாதிரி தெரியும். ஆனா எஃப்பா டியாங்கிற ஒத்தை எழுத்துல யாருக்கு லாபம் யாருக்கு நஷ்டம்ங்கிறதே மாறிப்போகும்னு எங்க ஊர்ச் சரித்திரத்தைப் படிக்கும்போதுதான் உறைச்சுது.

எங்க ஊர் தூத்துக்குடி. முத்துநகர்னு பேரு, சென்னைக்குப் போற ரயிலுக்குக்கூட அதே பேருதான். ஆனா இயற்கை முத்துக்காகக் கடல்ல கடைசியாப் பெரிய அளவுல குளிச்சது 1955ல தொடங்கி 1961ல முடிஞ்சுபோச்சு. எங்க தலைமுறைக்கு முத்துன்னா நகைக்கடை விளம்பரம்தான். முத்துக்குளிப்பைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் சுறா, மூச்சடக்குறது, ராணி கழுத்து மாலைன்னு போயிடுறாங்க. நான் அவ்வளவு தூரம் போகலை. சிப்பியை எப்படி எண்ணினாங்கங்கிறது மட்டும்தான் இங்க பேச்சு.

முதல்ல அடுக்கைப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவுல கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் ‘பார்’னு பேரு. தூத்துக்குடிப் பக்கத்துல தோலாயிரம் பார், இலங்கைப் பக்கத்துல பெரிய பார்னு ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேரு உண்டு. பார்மேல தோணிகள் போய் நிக்கும். வழக்கமா ஒரு தோணியில 10 குளியாள், 5 கல். கல்லுன்னா குளியாளைச் சட்டுனு அடியில கொண்டுபோய் விடுற கனமான கல், கயித்துல கட்டினது. ஒரு கல்லுக்கு ரெண்டு பேர். ஒருத்தர் முங்கினா இன்னொருத்தர் மேல ஓய்வெடுப்பார். ஒரு முங்குக்கு ஒரு நிமிஷம் முன்னபின்ன. அதுக்குள்ள கைக்குக் கிடைச்ச சிப்பியெல்லாம் வலைப்பையில விழணும். ஆக, பாருக்குள்ள தோணி, தோணிக்குள்ள கல், கல்லுக்குக் கீழ சிப்பி, சிப்பிக்குள்ள (இருந்தா) முத்து. அஞ்சு அடுக்கு ஆச்சா? இதுல எந்த அடுக்கை எண்ணி அரசாங்கம் காசு வாங்குதுங்கிறதுதான் கதை.

13ஆம் நூற்றாண்டுக் கடைசியில இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, கிடைச்ச முத்துல பத்துல ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதுல ஒரு பங்கு சுறாவைக் கட்டுற மந்திரவாதிக்குன்னு எழுதி வச்சிருக்கார். அதாவது பாண்டியர் காலத்துல எண்ணினது கடைசி அடுக்கை, முத்தையே. நியாயமான கணக்கு. ஆனா ராஜாவோட ஆளுக்குக் கஷ்டமான கணக்கு. முத்தை வாய்க்குள்ள ஒதுக்கிக்கிட்டா எவன் கண்டான்?

டச்சுக்காரன் வியாபாரி. 1658ல தூத்துக்குடியைப் போர்த்துகீசியர்கிட்ட இருந்து பிடிச்சப்புறம் அவன் நடத்தின முறையில முத்தையும் எண்ணலை, சிப்பியையும் எண்ணலை. கல்லை எண்ணினான். ஒரு கல்லுக்கு இவ்வளவு வரி, கட்டிட்டு எவ்வளவு வேணா அள்ளிக்கோ. நம்ம பாஷையில சொன்னா -டைப் டி. உள்ள என்ன இருக்குன்னு திறந்தே பார்க்க வேண்டாம். வரியும் எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம்னு ஆளைப் பொறுத்து மாறும், முஸ்லிம்களுக்குத்தான் அதிகம். அது போக வரியில்லாக் கல்லுன்னு ஒரு சலுகைப் பட்டியல். மதுரை நாயக்கருக்கு 96½ கல், தேவர்னு அவங்க குறிச்ச சேதுபதிக்கு 60 கல், பரதவர் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்குத் தனி ஒதுக்கீடு. (அரைக் கல்லுல எப்படி முங்குவாங்கன்னு என்கிட்ட கேட்காதீங்க. கணக்குல மட்டும் முங்குவாங்கன்னு நினைக்கிறேன்.)

இந்தக் கல் கணக்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எண்ணுறவனுக்கு ஒரு வேலையும் இல்லை, காலையில கரையில நின்னு கல்லை எண்ணினா முடிஞ்சது. கடல்ல சிப்பி இருந்தாலும் இல்லாட்டியும் வரி வந்தாச்சு. அந்தப் பக்கம் கயித்தைப் பிடிச்சு இறங்குறவனுக்கு? அடியில வெறும் மணலா இருந்தா அன்னைக்குக் கட்டின வரி அவன் தலையில. நஷ்டம் மொத்தத்தையும் கீழ் அடுக்குக்குத் தள்ளிவிடுற முறை இது. எண்ணுறது சுலபமா இருக்கணும்னு எடுத்த முடிவு மாதிரி தெரியும், ஆனா நஷ்டம் யாருக்குன்னும் அதே முடிவுலயே எழுதியாச்சு.

ஆங்கிலேயர் வந்தாங்க. ஆரம்பத்துல மொத்தச் சலாபத்தையும் குத்தகைக்கு விட்டுப் பார்த்தாங்க (சலாபம்னா முத்துக்குளிப்பு. இலங்கையில இருக்கிற சிலாபம் ஊர்ப் பேரும் இதுல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க). குத்தகைன்னா எண்ணிக்கையே கிடையாது, ஒரே தொகை. பிற்பாடு அமானி முறை, அதாவது சர்க்காரே நேரடியா நடத்துறது. இங்கதான் சிப்பியை எண்ண வேண்டிய அவசியம் வந்துச்சு. அதுக்கு அவங்க பழக்கப்படுத்தின வழி இருக்கே, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

தோணி கரைக்கு வந்ததும் சிப்பியை எல்லாம் ‘கொட்டு’ங்கிற வேலிபோட்ட அடைப்புக்குள்ள தூக்கிட்டுப் போவாங்க. அங்க குளியாட்களே தங்கள் சிப்பியை மூணு குவியலாப் பிரிக்கணும். பிரிச்சு முடிச்சதும் சர்க்கார் அதிகாரி வந்து, அதுல எந்த ரெண்டு அரசாங்கத்துக்குன்னு கைகாட்டுவார். மிச்சம் ஒண்ணு குளியாட்களுக்கு. எந்தக் குவியலை அதிகாரி விடுவார்னு பிரிக்கிறவனுக்குத் தெரியாது. அதனால ஒண்ணைப் பெருசா வச்சு ஏமாத்த முடியாது, பெருசா வச்சா அது போயிரும். மூணையும் சமமா வைக்கிறதுதான் அவனுக்கே நல்லது. ஒரு சிப்பியைக்கூட எண்ணாம மூணு சம பங்கு! வீட்டுல அண்ணன் தம்பி கேக்கு வெட்டுற கதைதான், நீ வெட்டு நான் எடுக்கிறேன். அப்புறம் அரசாங்கத்தோட பங்கை மட்டும் எண்ணினாப் போதும், அதுல பாதியைச் சேர்த்தா மொத்தம் வந்துரும். மூணுல ஒரு பங்கு வேலை மிச்சம். இதை எழுதினவன் நல்ல புரோகிராமர்.

கணக்கைவிட முக்கியம், நஷ்டமும் இப்ப பங்கு பிரிஞ்சு போச்சு. கடல்ல சிப்பி குறைஞ்சா குளியாளோட சேர்ந்து சர்க்காருக்கும் மூணுல ரெண்டு பங்கு அடி. டச்சுக்காரனோட கல் வரிக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனா உயிரைப் பணயம் வச்சு முங்குறவனுக்கு மூணுல ஒண்ணு, கரையில நிக்கிறவனுக்கு ரெண்டுங்கிறதையும் பார்த்துக்கோங்க.

கொட்டுல கைகாட்டின அதிகாரிகள்ல ஒருத்தரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். லெனர்ட் உல்ஃப், பின்னாள்ல வர்ஜீனியா உல்ஃபோட கணவர். 1906ல மரிச்சுக்கட்டியில நடந்த சலாபத்துக்கு இலங்கை சிவில் சர்வீஸ் இளைஞரா அனுப்பப்பட்டு வேலை பார்த்திருக்கார். ‘தூத்துக்குடின்னு ஆரம்பிச்சுட்டு இலங்கைக்கு ஏன்யா போற’ன்னு கேட்பீங்க. வளைகுடா ஒண்ணுதான், முறையும் ஏறக்குறைய ஒண்ணுதான். தூத்துக்குடி, கீழக்கரை ஆட்கள் ரெண்டு கரைக்கும் போய்க் குளிச்சிருக்காங்க. இங்க சிப்பி இல்லாத வருஷம் அங்க. அந்தக் காலத்துல நடுவுல பாஸ்போர்ட் கிடையாது.

சரி, அரசாங்கப் பங்கை எண்ணியாச்சு. அடுத்தது ஏலம். இங்க அலகு ஆயிரம். ஆயிரம் சிப்பி இவ்வளவு ரூபான்னு ஏலம் கேட்பாங்க, மூடின சிப்பியையே. உள்ள முத்து இருக்கா, மண்ணு இருக்கான்னு வாங்குற வியாபாரிக்கும் தெரியாது, விக்கிற சர்க்காருக்கும் தெரியாது. நஷ்டம் இன்னொரு கைக்கு மாறிடுச்சு, கவனிச்சீங்களா? 1905ல இலங்கையில நடந்த சலாபம்தான் எண்ணிக்கையில எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டது. 8 கோடிக்கு மேல சிப்பி, அரசாங்கத்துக்கு சுமார் 25 லட்சம் ரூபா. மூணுல ரெண்டு பங்குதான் சர்க்கார் வித்ததுன்னு வச்சு வகுத்துப் பார்த்தேன். ஆயிரத்துக்கு 45, 50 ரூபா வருது. அதாவது சிப்பி ஒண்ணு முக்கால் அணா. அதுல பெரும்பாலானது காலி. ஒண்ணுல ஆணிமுத்து. லாட்டரி டிக்கெட்டுக்கு நாத்தம் கிடையாது, அது ஒண்ணுதான் வித்தியாசம். வாங்கின சிப்பியை ஒரு வாரம்போல அழுகவிட்டு, புழு தின்னு சதை கரைஞ்சப்புறம் தொட்டியில அலசி அலசி முத்தைப் பொறுக்கணும். பக்கத்துல நிக்க முடியாதுன்னு எழுதாத ஆளே இல்லை.

திருட்டும் உண்டு. வர்ற வழியிலயே தோணியில சிப்பியைத் திறந்து முத்தை எடுத்துட்டு ஓட்டைக் கடல்ல போட்டுருவாங்கன்னு ஒவ்வொரு தோணியிலயும் காவலாள் போட்டாங்க. மூணுல ஒண்ணு கிடைக்கிறவன் அதைச் செய்யாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

முத்து கையில வந்தப்புறம் ஆரம்பிக்குது நம்ம ஆளுங்க கணக்கு. இதுல வெள்ளைக்காரனுக்கு வேலையே இல்லை, முழுக்கத் தமிழ் வியாபாரிகள் சமாச்சாரம். பெட்டின்னு சொல்ற பத்து பித்தளைச் சல்லடை. ஓட்டை எண்ணிக்கைதான் பேரு: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. ஒரே அளவுப் பெட்டியில ஓட்டை கூடக்கூட ஓட்டை சிறுசாகும் இல்லையா? ஒண்ணுல சலிச்சுக் கீழ விழுந்ததை அடுத்ததுல சலிக்கிறது. இருபதுல தங்குறது பெருசு, ஆயிரத்துலயும் தங்காதது தூள். பைப் போட்டுப் பைப் போட்டு வடிகட்டுற அதே வேலை. அப்புறம் உருட்சி, ஒளி பார்த்துத் தரம் பிரிப்பாங்க. ஆணி, அணதாரி, களிப்பு, வடிவு இப்படி. உச்சத் தரம் ஆணி. (ஆபீஸ்ல பிடுங்குற ஆணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு வருத்தத்தோட தெரிவிச்சுக்கிறேன்.)

விலைக்கு ஒரு அலகு, ‘செவ்வு’. கணக்கு இதுதான். முத்துகளோட மொத்த எடையை மஞ்சாடியில நிறுத்து, அதை அதாலயே பெருக்கி, முக்காலால பெருக்கி, முத்துகளோட எண்ணிக்கையால வகுக்கணும். 20 மஞ்சாடி எடைக்கு 10 முத்துன்னா 400ல முக்கால் 300, வகுத்தல் 10, ஆக 30 செவ்வு. அதே எடைக்கு 20 முத்துன்னா 15 செவ்வுதான். ஒத்தை முத்தே 20 மஞ்சாடி இருந்தா 300 செவ்வு! எடை மட்டும் பார்த்தா மூணும் ஒண்ணு, எண்ணிக்கை மட்டும் பார்த்தா ஒத்தை முத்து கடைசி. ரெண்டையும் ஒரே எண்ணுக்குள்ள மடிச்சு வச்சிருக்கான் மனுஷன். ஃபைல் எத்தனைன்னு டபிள்யூசி சொல்லும், எவ்வளவு இடம்னு டியூ சொல்லும். ரெண்டும் சேர்ந்த கட்டளை இன்னும் எனக்குக் கிடைக்கலை.

இதுவரைக்கும் சொன்னது கரைக்கு வந்ததை எண்ணுற கதை. கடலுக்கு அடியில இருக்கிறதை எண்ணுறதுதான் நிஜமான சிக்கல். இந்த வருஷம் சலாபம் போடலாமா வேண்டாமான்னு முடிவெடுக்க, பார் மேல ஆய்வுக் கப்பலை நிறுத்தி, சுத்திச் சுத்திப் படகுல போய் அங்கங்க ஆளை முங்கவிட்டு, ஒரு முங்குக்கு எத்தனை சிப்பின்னு குறிச்சுக்குவாங்க. அதைப் பரப்பளவால பெருக்கினா மொத்தம். கூடவே சில ஆயிரம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து அழுகவச்சு, ஆயிரத்துக்கு எத்தனை ரூபா முத்து தேறுதுன்னு மதிப்பீடு. இன்னைக்கும் பெரிய டிஸ்க்குல எல்லாத்தையும் எண்ண நேரமில்லைன்னா நாலு ஃபோல்டரைத் திறந்து பார்த்துப் பெருக்குறோமே, அதேதான்.

ஆனா ஃபைல் செத்துப்போகாது. சிப்பி செத்துப்போகும். 1902 தொடக்கத்துல லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், ஏன் வருஷக்கணக்குல முத்துக்குளிப்பு பொய்க்குதுன்னு ஆராய இலங்கைக்கு வந்தார். உதவிக்கு ஜேம்ஸ் ஹார்னெல், பின்னாள்ல நம்ம சென்னை மாகாண மீன்வளத் துறையைக் கவனிச்சவர். மார்ச்சுல பெரிய பாரைப் பார்த்தா தரை தெரியாம குஞ்சுச் சிப்பி. நவம்பர்ல போய்ப் பார்த்தா ஒண்ணு இல்லை. நடுவுல தென்மேற்குப் பருவக்காற்று வந்து போயிருந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டினா இது புதுசும் இல்லையாம். 1880ல இருந்து குறைஞ்சது 11 தடவை அந்தப் பார்ல குஞ்சு நிறைஞ்சிருக்கு, ஒரு தடவைகூட அது சலாபமா விளையலை. அங்க முங்கி எண்ணினவன் சரியாத்தான் எண்ணியிருப்பான். எண்ணி முடிச்சுக் கரைக்கு வந்து தாள்ல எழுதுறதுக்குள்ள, எண்ணப்பட்டது மணலுக்கு அடியில போயிருக்கும்.

எங்க கரையிலும் அதே கதை. 1860, 61, 62ன்னு வரிசையாக் குளிச்சாங்க. அடுத்தது 1889. நடுவுல 27 வருஷம் ஒண்ணுமில்லை. 1889, 90க்கு அப்புறம் 1900, 1908. பிறகு 1926ல இருந்து 28 வரை, அதுக்கும் அப்புறம் 1955. வாலிபத்துல ஒரு சலாபத்துல குளிச்சவன் அடுத்த சலாபம் வரும்போது பேரன் எடுத்திருப்பான். அதுவரைக்கும் சங்கு, மீன்.

எண்ணிக்கையை நம்பி ஒரு கும்பல் மொத்தமா முங்கினதும் நடந்துச்சு. 1903, 1904, 1905 மூணு வருஷமும் அமோகம். அந்தக் கோட்டை அப்படியே மேல நீட்டிப் பார்த்து, 1906ல லண்டன் முதலாளிகள் சேர்ந்த ஒரு கம்பெனி இலங்கைப் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. வருஷ வாடகையே 3 லட்சத்துக்கு மேல. 1907ஓட சிப்பி நின்னுபோச்சு. 1912ல கம்பெனி கடையைக் கட்டுச்சு. முதலீட்டாளர்களுக்குக் காட்டினது மூணு வருஷ எண்ணிக்கை. பெரிய பாரோட 11 தடவைக் கணக்கும் அதே இலங்கைப் பதிவேட்டுலதான் இருந்துச்சு. ரெண்டுல எதை எண்ணினாங்கன்னு நான் சொல்லத் தேவையில்லை. ஆனா டச்சுக்காரன் காலத்துல குளியாள் தலையில விழுந்த அந்த அடி, ஒரு தடவையாவது மேல் அடுக்குல போய் விழுந்திருக்குன்னு படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருந்ததை மறைக்க விரும்பலை.

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. கடலோட அஞ்சு அடுக்குக்கும் கணக்கு உண்டு. தோணி எத்தனை, கல் எத்தனை, சிப்பி எத்தனை கோடி, எத்தனை ரூபா. 1889 தூத்துக்குடிச் சலாபத்தைப் பத்தி சென்னை அருங்காட்சியகத்து எட்கர் தர்ஸ்டன் பக்கம் பக்கமா எழுதியிருக்கார், கடல் பிராணிகளோட லத்தீன் பேர் வரைக்கும். நாயக்கரோட அரைக் கல் டச்சுப் பட்டியல்ல பத்திரமா இருக்கு. கல்லுக்கு ரெண்டு பேருன்னு இறங்கினாங்களே, அவங்க அந்தப் பக்கங்கள்ல ‘குளியாட்கள், இத்தனை’ங்கிற எண்ணாத்தான் வர்றாங்க. எந்த ஃபைலுக்கும் ஒரு பேராவது இருக்கும்.

1961க்கு அப்புறம் கடல் கொடுக்கலை. 1973ல தூத்துக்குடியில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல அழகர்சாமியும் கூட இருந்தவங்களும் சிப்பிக்குள்ள கரு வச்சு உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினாங்க. 1981ல குஞ்சுச் சிப்பியையே பொரிப்பகத்துல உருவாக்கிட்டாங்க. கூண்டுக்குள்ள தொங்குற சிப்பி எத்தனை, கரு வச்சது எத்தனைன்னு முன்னாடியே தெரிஞ்சுரும். பார்ல ஆளை முங்கவிட்டுப் பெருக்கிப் பார்க்கிற வேலை அங்க இல்லை.

நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒண்ணு’ன்னு சொல்லாம ‘லாபம்’னு ஆரம்பிப்பாங்க இல்லையா? 1955ல இருந்து 61 வரைக்கும் சலாபத்துக்குப் போன பெரியவங்க தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் உங்க சொந்தத்துல யாராச்சும் இருந்தா, சிப்பியை எப்படி எண்ணினாங்க, எந்தச் சொல்லுல ஆரம்பிச்சாங்கன்னு உட்கார்ந்து கேளுங்க மக்கா. கேட்டு, அவங்க பேரையும் சேர்த்து எழுதி வைங்க.